அல்லாஹ்வின் அழகிய பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்மாவுல் ஹுஸ்னா என்றால் என்ன?

மிக அழகிய பெயர்கள் என்று பொருள். குர்ஆனில் இந்தச் சொற்றொடர் 4 இடங்களில் வருகிறது (முதல் எண் அத்தியாயம், அடுத்தது வசனம்): 7:180, 17:110, 20:8, 59:24. முதலில் சொன்ன வசனத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அல்லாஹ்வுக்கு மிக அழகிய பெயர்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள் என்கிறது. இருக்கின்றன என்று சொன்ன கையோடு, அழையுங்கள் என்ற கட்டளையும் வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பலவும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் வரும். சுவரில் மாட்டுகிறோம், ராகம் போட்டு ஓதுகிறோம், பிள்ளைகளுக்கு மனப்பாடப் போட்டி வைக்கிறோம். எல்லாம் சரி. அவனைக் கூப்பிடுகிறோமா என்பதுதான் கேள்வி.

பெயர்கள் 99 மட்டும்தானா?

பெரும்பாலான அறிஞர்கள் இல்லை என்கிறார்கள். 99 என்ற எண் புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் உள்ள, அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் (நபிமொழியில்) இருந்து வருகிறது: அல்லாஹ்வுக்கு 99 பெயர்கள், நூற்றுக்கு ஒன்று குறைவு, அவற்றை "இஹ்ஸா" செய்பவர் சொர்க்கம் புகுவார். இதன் பொருள், இந்த 99 பெயர்களுக்கு இப்படி ஒரு சிறப்பு இருக்கிறது என்பதே. "தர்மம் கொடுப்பதற்கென்று என்னிடம் 100 ரூபாய் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வேறு பணமே இல்லை என்று ஆகிவிடாது.

இதற்கு ஆதாரமாக இன்னொரு ஹதீஸைக் காட்டுவார்கள். கவலை வந்தால் ஓதச் சொல்லி நபி (ஸல்) கற்றுத்தந்த துஆ (பிரார்த்தனை) அது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க, முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. "உனக்கு நீயே சூட்டிக்கொண்ட, உன் வேதத்தில் இறக்கிய, உன் படைப்பில் எவருக்கேனும் கற்றுக்கொடுத்த, அல்லது மறைவான அறிவில் உன்னிடமே வைத்துக்கொண்ட ஒவ்வொரு பெயரைக் கொண்டும் உன்னிடம் கேட்கிறேன்" என்று அதில் வருகிறது. யாருக்கும் சொல்லாமல் தன்னிடமே வைத்துக்கொண்ட பெயர்களும் உண்டு என்றால் கணக்கை எங்கே முடிப்பது? எண்ணிக்கை 99தான் என்று உறுதியாக நின்றவர்களும் உண்டு. இப்னு ஹஸ்ம் என்ற அறிஞர் அவர்களில் முக்கியமானவர்.

அப்படியானால் நாம் மனப்பாடம் செய்யும் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது?

அது இமாம் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. வலீத் இப்னு முஸ்லிம் என்ற அறிவிப்பாளர் வழியாக வந்த பட்டியல். திர்மிதியே அதை "கரீப்", அதாவது தனித்து நிற்கும் அறிவிப்பு என்று குறித்துவிட்டுத்தான் பதிவு செய்கிறார். இப்னு மாஜாவின் தொகுப்பில் வேறொரு பட்டியல் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. புகாரி, முஸ்லிம் அறிவிப்பில் பட்டியலே கிடையாது. ஆகவே, பெயர்களை வரிசையாகச் சொல்லும் அந்தப் பகுதி நபியின் வாக்கு இல்லை, அறிவிப்பாளர்கள் குர்ஆனில் இருந்து திரட்டிச் சேர்த்தது என்பதே இப்னு தைமிய்யா, இப்னு ஹஜர் போன்ற அறிஞர்களின் முடிவு.

இதில் ஒரு வேடிக்கை. ஃபாத்திஹா சூராவின் தொடக்கத்திலேயே வரும் "ரப்பு" (இரட்சகன்) என்ற பெயர் அந்தப் பிரபலமான பட்டியலில் இல்லை. ஹதீஸ்களில் வரும் அல்ஜமீல் (அழகன்), அஷ்ஷாஃபி (குணமளிப்பவன்), அர்ரஃபீக் (மென்மையாளன்) ஆகியவையும் அதில் இல்லை. மறுபக்கம், அந்தப் பட்டியலில் உள்ள அஸ்ஸபூர், அர்ரஷீத் போன்றவை குர்ஆனில் அல்லாஹ்வின் பெயராக அந்த வடிவில் வரவில்லை. அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். மனப்பாடம் செய்ய நல்ல வாசல் அது. வீடே அவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவே.

"இஹ்ஸா" என்றால் எண்ணுவதா, மனப்பாடம் செய்வதா?

அரபியில் அந்தச் சொல்லின் முதல் பொருள் எண்ணிக் கணக்கிடுவதுதான். அதே ஹதீஸின் இன்னொரு அறிவிப்பில் "மனனம் செய்பவர்" என்றும் வருகிறது. ஆனால் ஒன்றை முழுதாகக் கைக்கொள்வதற்கும் அரபியர் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். இப்னுல் கய்யிம் என்ற அறிஞர் இதை மூன்று படிகளாகச் சொல்கிறார்: சொற்களைத் தெரிந்துகொள்வது, பொருளைப் புரிந்துகொள்வது, அவற்றைக் கொண்டு அவனை அழைப்பது. முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம், என்னையும் சேர்த்து.

துஆவில் எந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது?

கேட்கும் காரியத்துக்குப் பொருந்தும் பெயரை. இதை நபிமார்களின் துஆக்களில் இருந்து கற்றுக்கொள்வது போல வேறு எங்கும் கற்றுக்கொள்ள முடியாது.

தனக்குப் பின் எவருக்கும் கிடைக்காத ஆட்சியைக் கேட்ட சுலைமான் (அலை), "நீயே அல்வஹ்ஹாப்" என்று முடிக்கிறார் (38:35). கைம்மாறு எதிர்பாராமல் அள்ளிக் கொடுப்பவன் என்று அர்த்தம். நோயில் தவித்த அய்யூப் (அலை) எதையும் கேட்கவே இல்லை. "என்னைத் துன்பம் தொட்டுவிட்டது, நீ இரக்கம் காட்டுவோரில் எல்லாம் மிகப் பெரிய இரக்கமுள்ளவன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார் (21:83). அந்தப் பெயரே கோரிக்கையாக ஆகிவிட்டது.

ஸகரிய்யா (அலை) அவர்களின் துஆ எனக்கு மிகவும் பிடித்தது. முதுமையில், பிள்ளை இல்லாத ஏக்கத்தில், "என்னைத் தனியாக விட்டுவிடாதே" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு "வாரிசுகளில் எல்லாம் சிறந்தவன் நீ" என்கிறார் (21:89). வாரிசு கேட்கிற வாய், எல்லோரும் போன பிறகும் எஞ்சி நிற்கும் வாரிசு நீதான் என்று ஒத்துக்கொள்கிறது. கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்ற பணிவு அதற்குள் இருக்கிறது.

ஈஸா (அலை) மறுமையில் சொல்லப்போவதையும் பாருங்கள்: "நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள்; மன்னித்தால் நீயே அஸீஸ், ஹகீம்" (5:118). மன்னிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் கஃபூர் (மன்னிப்பவன்), ரஹீம் (இரக்கமுள்ளவன்) என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? வல்லமையையும் ஞானத்தையும் சொல்கிறார். அல்லாஹ்வுக்கு இணைவைத்தவர்களுக்காகப் பரிந்து பேசும் இடம் அது இல்லை. தீர்ப்பை முழுதாக அவனிடமே ஒப்படைக்கும் இடம் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

நமக்கும் இதே வழிதான். நோய்க்கு "யா ஷாஃபி", வருமானத்துக்கு "யா ரஸ்ஸாக்" (வாழ்வாதாரம் தருபவனே), செய்த தவறு உறுத்தும்போது "யா கஃபூர்". லைலத்துல் கத்ர் இரவில் என்ன கேட்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது நபி (ஸல்) கற்றுக்கொடுத்ததும் இப்படித்தான்: "அல்லாஹ்வே, நீ பெரிதும் மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு." கேட்கும் பொருளும் அழைக்கும் பெயரும் அங்கே ஒரே வேர்ச்சொல்.

அர்ரஹ்மான், அர்ரஹீம் இரண்டும் ஒன்றுதானே?

வேர் ஒன்று, வடிவம் வேறு. ரஹ்மான் என்ற வடிவம் நிறைந்து வழிவதைக் காட்டும். ரஹீம் என்பது அந்த இரக்கம் இடைவிடாமல் அடியார்களைப் போய்ச் சேருவதைக் காட்டும். தமிழில் "அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்" என்று எழுதிப் பழகிவிட்டோம். நல்ல தமிழ்தான், ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள வேர்ச்சொல் உறவு அதில் மறைந்துவிடுகிறது.

அரபியில் கருப்பைக்கும் ரத்த உறவுக்கும் பெயர் "ரஹிம்". அதுவும் இதே வேர். "நான் அர்ரஹ்மான்; ரஹிமை நானே படைத்தேன்; என் பெயரில் இருந்து அதற்கு ஒரு பெயர் எடுத்துக் கொடுத்தேன்" என்று அல்லாஹ் சொல்வதாக ஒரு ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. உறவை வெட்டுகிறவர் எதை வெட்டுகிறார் என்பதை அந்த ஹதீஸின் மீதி சொல்லும்.

மக்காவின் குறைஷிகளுக்கு இந்தப் பெயர் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. "ரஹ்மானா, அது என்ன?" என்று அவர்கள் கேட்டதைக் குர்ஆனே பதிவு செய்கிறது (25:60). கிபி 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதும்போது குறைஷிகளின் தூதர் சுஹைல் இப்னு அம்ர், "ரஹ்மான் என்றால் யார் என்று எனக்குத் தெரியாது, பழைய வழக்கப்படி உன் பெயரால் அல்லாஹ்வே என்று எழுது" என்று பிடிவாதம் பிடித்தார். முஸ்லிம்கள் கொதித்தார்கள். நபி (ஸல்) அப்படியே எழுதச் சொன்னார்கள். அதுவும் அவனுடைய பெயர்தானே.

ஜப்பார், கஹ்ஹார், முதகப்பிர் போன்ற பெயர்கள் பயமுறுத்துகின்றனவே?

பயமும் வேண்டியதுதான். ஆனால் மொழிபெயர்ப்பு சில சமயம் பாதியை மட்டும் கொண்டுவருகிறது. ஜப்பார் என்பதை "அடக்கியாள்பவன்" என்று தமிழில் எழுதுகிறோம். அரபியில் "ஜப்ர்" என்றால் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும்தான். எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் பட்டைக்குப் பெயர் "ஜபீரா". கணக்குப் பாடத்தில் வரும் அல்ஜீப்ரா என்ற சொல்லும் இதே "அல்ஜப்ர்" என்பதில் இருந்து வந்ததுதான். தொழுகையில் இரண்டு ஸஜ்தாக்களுக்கு (நெற்றி தரையில் படப் பணிவதற்கு) நடுவே ஓதும் துஆவில் "வஜ்புர்னீ" என்று வருகிறதே, அதற்கு "என் முறிவைச் சரிசெய்" என்று பொருள். மனம் உடைந்து கிடக்கும் ஒருவர் "யா ஜப்பார்" என்று அழைத்தால், கொடுங்கோலன் முன் நிற்பது போல நடுங்க வேண்டாம். உடைந்ததைச் சேர்க்கத் தெரிந்தவனைத்தான் அவர் அழைக்கிறார்.

முதகப்பிர் (பெருமைக்குரியவன்) வேறு கதை. பெருமை மனிதனிடம் இருந்தால் அது பொய், ஏனென்றால் அவன் பெரியவன் இல்லை. உண்மையிலேயே பெரியவன் தன்னைப் பெரியவன் என்று சொல்வதில் பொய் இல்லை.

கஃபூர், கஃப்பார், அஃபுவ்வு மூன்றும் மன்னிப்புதானே?

"கஃப்ர்" என்றால் மூடிக் காப்பது. போரில் அணியும் தலைக்கவச வலைக்கு "மிக்ஃபர்" என்று பெயர். கஃப்பார் அதையே திரும்பத் திரும்பச் செய்பவன். "அஃப்வு" என்றால் சுவடே இல்லாமல் அழிப்பது, மணலில் பதிந்த காலடியைக் காற்று அழிப்பது போல.

தனியாகச் சொல்லக் கூடாத பெயர்கள் உண்டா?

உண்டு. அல்காபிழ் (சுருக்குபவன்), அல்பாஸித் (விரிப்பவன்) போன்றவற்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பார்கள். அழ்ழார் (தீங்கை நாடுபவன்) என்பதை மட்டும் தனியே பிரித்து அழைப்பது மரியாதை இல்லை. அன்னாஃபிஉ (பயன் தருபவன்) பக்கத்தில் வரும்போதுதான், எல்லாம் ஒரே கையில் இருக்கிறது என்ற அர்த்தம் நிறைவாகும்.

இறைவன், கடவுள் என்று தமிழில் சொல்லலாமா?

பேச்சிலும் எழுத்திலும் விளக்கமாகச் சொல்லலாம். இறைவன் என்பது நல்ல சொல். ஆனால் "அல்லாஹ்" என்பதற்குச் சரிசமமான சொல் எந்த மொழியிலும் கிடைப்பது கடினம். அரபியில் "இலாஹ்" என்பதற்குப் பன்மை உண்டு, "ஆலிஹா". அல்லாஹ் என்ற பெயருக்குப் பன்மையும் இல்லை, பெண்பாலும் இல்லை. மற்ற பெயர்கள் எல்லாம் இதற்கு அடைமொழியாக வந்து சேரும். இது வேறொன்றுக்கு அடைமொழியாகப் போகாது. குர்ஆனில் 2,600 தடவைக்கு மேல் வருகிறது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: இது முஸ்லிம்களின் கடவுளுக்கு மட்டுமான தனிப்பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களும் கடவுளை அல்லாஹ் என்றே அழைக்கிறார்கள்.

அல்லாஹ்வை "அவன்" என்கிறோமே, மரியாதைக் குறைவு இல்லையா?

தமிழில் "அவர்" என்பது வடிவத்தால் பன்மை. ஒருமையை அடிப்படையாகக் கொண்ட நம்பிக்கையில் அவன், நீ என்ற ஒருமையே பொருத்தம் என்று வழக்கம் அமைந்துவிட்டது. தவிர, தமிழில் நெருக்கத்தின் உச்சமும் ஒருமைதான். பெற்ற தாயைக்கூட நீ என்றுதானே பலரும் அழைக்கிறோம். அரபி துஆக்களிலும் "அன்த", அதாவது "நீ" தான் வருகிறது. "அவன்" ஆண்பால் ஆயிற்றே என்றால், அது வெறும் இலக்கணம். அரபியில் அஃறிணைக்கென்று தனிப் பால் கிடையாது. அவனைப் போல எதுவும் இல்லை என்று குர்ஆன் (42:11) சொன்ன பிறகு ஆண், பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவனுக்கு நாமாகப் புதுப் பெயர் வைக்கலாமா?

கூடாது என்பதே பெரும்பாலோர் நிலை. பெயர்கள் வஹீ (இறைச்செய்தி) சொன்ன அளவோடு நிற்கும். குர்ஆனில் ஒரு செயல் அவனோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தாலும், அதில் இருந்து நாமாகப் பெயர் உருவாக்குவதில்லை. சூழ்ச்சிக்கு எதிராக அவனும் திட்டமிட்டான் என்று 3:54இல் வருகிறது. அதற்காக "சூழ்ச்சிக்காரன்" என்று அழைக்க முடியுமா?

இமாம் அஷ்அரி பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். அல்லாஹ்வை "ஆகில்" (அறிவுடையவன்) எனலாமா என்று அவருடைய ஆசிரியர் ஜுப்பாயியிடம் ஒருவர் கேட்டார். கூடாது, "அக்ல்" என்ற சொல் ஒட்டகத்தைக் கட்டும் "இகால்" என்ற கயிற்றில் இருந்து வந்தது, அவனைக் கட்ட எதுவும் இல்லை என்றார் ஜுப்பாயி. அப்படிப் பார்த்தால் "ஹகீம்" என்ற பெயரும் குதிரையின் கடிவாள இரும்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையதுதானே, அதையும் விட்டுவிடலாமா என்று மடக்கினார் அஷ்அரி. அவர் சொன்ன வழி, மொழி ஆராய்ச்சியை வைத்து முடிவு செய்யாமல் வஹீயில் வந்ததைப் பின்பற்றுவது.

இஸ்முல் அஃழம், அதாவது மகத்தான பெயர் எது?

அதைக் கொண்டு கேட்டால் கொடுக்கப்படும் என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அது இன்னதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விடை இல்லை. "அல்லாஹ்" என்பதே அது என்பவர்கள் பலர். ஆயத்துல் குர்ஸியில் (2:255) வரும் அல்ஹய்யு (என்றும் உயிருள்ளவன்), அல்கய்யூம் (நிலைத்திருப்பவன்) என்பார்கள் வேறு சிலர். "நீயே அல்லாஹ், உன்னைத் தவிர இறைவன் இல்லை, நீ ஒருவன், தேவையற்றவன்..." என்று ஒருவர் துஆ கேட்டதைச் செவியுற்ற நபி (ஸல்), இவர் மகத்தான பெயரைக் கொண்டே கேட்டுவிட்டார் என்று சொன்னதாக அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அந்த மனிதர் ரகசியச் சொல் எதையும் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பெயரை இத்தனை தடவை ஓதினால் இன்னது நடக்கும் என்கிறார்களே?

அந்த எண்கள் பெரும்பாலும் அப்ஜத் கணக்கில் இருந்து வருபவை. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு; கூட்டினால் எண் கிடைக்கும். "லதீஃப்" என்பதற்கு லாம் 30, தா 9, யா 10, ஃபா 80, ஆக 129. சில ஆன்மிகப் பாதைகளில் இப்படி எண்ணி ஓதும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. நபிவழியில் எண்ணிக்கை சொல்லப்பட்ட திக்ருகள் (இறைநினைவுச் சொற்கள்) தனியாக இருக்கின்றன; தொழுகைக்குப் பின் 33 தடவை ஸுப்ஹானல்லாஹ் சொல்வது போல. அதோடு இதைச் சமமாக வைக்க முடியாது. என் கருத்து: எத்தனை தடவை வேண்டுமானாலும் அழையுங்கள், ஆனால் 129 ஆனதும் கதவு திறந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தால், அழைப்பு மாறி பூட்டுக்குச் சாவி போடும் வேலையாகிவிடும்.

பிள்ளைக்கு இந்தப் பெயர்களை வைக்கலாமா?

"அப்து" (அடியான்) சேர்த்து வைப்பது மிகச் சிறப்பு. அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு "அமத்துல்லாஹ்" (அல்லாஹ்வின் அடியாள்), "அமத்துர் ரஹ்மான்" என்று வைக்கலாம்.

அப்து இல்லாமல் வைக்கலாமா என்பது பெயரைப் பொறுத்தது. கரீம், ரஹீம், அஸீஸ், அலீ போன்றவை மனிதர்களுக்கும் வரும். குர்ஆனே நபியை ரஹீம் என்றும் (9:128), எகிப்தின் அதிகாரியை அஸீஸ் என்றும் (12:30) சொல்கிறது. ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக், குத்தூஸ் போன்றவை அவனுக்கே உரியவை. ஆகவே அப்துர் ரஹ்மானைச் சுருக்கி "ஏ ரஹ்மான்" என்று கூப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். "அப்துல்" என்று சுருக்குவது இன்னொரு தமாஷ். "உடைய அடியான்" என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தினால் எப்படி இருக்கும்? யாருடைய என்பதுதானே முக்கியம்.

நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. அவருடைய பழைய பெயர் அப்து அம்ர். மக்காவின் உமய்யா இப்னு கலஃபோடு ஓர் ஒப்பந்தம் எழுதும்போது தன் புதுப் பெயரைப் போட்டார். "ரஹ்மானை எனக்குத் தெரியாது, உன் பழைய பெயரை எழுது" என்றான் உமய்யா. ஒரு பெயர் எவ்வளவு பெரிய அறிக்கையாக இருந்தது என்பது அந்த மறுப்பில் தெரிகிறது. அதேபோல, அபுல் ஹகம் என்று அழைக்கப்பட்ட ஹானிஉ என்ற தோழரிடம், ஹகம் (தீர்ப்பளிப்பவன்) அல்லாஹ்தான் என்று சொல்லி, மூத்த மகன் பெயரால் அபூ ஷுரைஹ் என்று நபி (ஸல்) மாற்றினார்கள்.

எதற்கெடுத்தாலும் "அல்லாஹ் மேல் சத்தியமா" என்று சொல்வது?

சத்தியம் செய்தால் அல்லாஹ்வின் பெயரால் மட்டுமே செய்ய வேண்டும், இல்லையேல் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது நபிமொழி. ஆனால் சத்தியங்களுக்கு அவன் பெயரைக் கருவியாக ஆக்கிவிடாதீர்கள் என்று குர்ஆனும் சொல்கிறது (2:224). வியாபாரத்தில் சரக்கு நகர்வதற்காக அந்தப் பெயரை இழுப்பது தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது.

பெயர் எழுதிய காகிதங்களை என்ன செய்வது?

குப்பையோடு போடாதீர்கள். மிதிபடாத இடத்தில் புதைக்கலாம், எரிக்கலாம், எழுத்துத் தெரியாதபடி துண்டாக்கலாம். எரிப்பது அவமரியாதை ஆகாதா என்று தயங்குவோருக்கு: கலீஃபா உஸ்மான் (ரலி) குர்ஆன் பிரதிகளை ஒழுங்குபடுத்திய பின் மற்ற ஏடுகளை எரிக்கவே உத்தரவிட்டார்கள்.

உளூ (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி) இல்லாமல் இந்தப் பெயர்களைச் சொல்லலாமா?

தாராளமாக. நபி (ஸல்) எல்லா நேரங்களிலும் அல்லாஹ்வை நினைவுகூர்ந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். மாதவிடாய் நாட்களிலும் திக்ரு, துஆ இரண்டுக்கும் தடையில்லை. கழிப்பறையில் மட்டும் நாவால் சொல்வதைத் தவிர்ப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஹஷ்ர் அத்தியாயத்தின் கடைசி 3 வசனங்களில் இருந்து (59:22-24). அந்தச் சிறிய இடத்துக்குள் பதினைந்துக்கும் குறையாத பெயர்கள் வரிசையாக வருகின்றன. அப்புறம், குர்ஆன் ஓதும்போது வசனங்களின் முடிவில் வரும் இரண்டு பெயர்களைக் கவனியுங்கள். ஏன் இந்த இடத்தில் இந்தப் பெயர் என்று கேட்டுப் பாருங்கள்.

மொழி அறிஞர் அஸ்மயீ சொன்னதாக ஒரு சம்பவம் உண்டு. திருடனின் கையை வெட்டச் சொல்லும் வசனத்தை (5:38) அவர் ஓதி, மறதியில் "கஃபூருர் ரஹீம்" என்று முடித்துவிட்டார். பக்கத்தில் இருந்த நாட்டுப்புற அரபி ஒருவர், இது யாருடைய பேச்சு என்று கேட்டார். அல்லாஹ்வின் பேச்சு என்றார் அஸ்மயீ. இது அல்லாஹ்வின் பேச்சாக இருக்காது என்றார் அவர். அஸ்மயீ திரும்ப ஓதிப் பார்த்து, "அஸீஸுன் ஹகீம்" என்று திருத்திக்கொண்டார். இப்போது சரி என்றார் அந்த மனிதர். உனக்குக் குர்ஆன் மனப்பாடமா என்று அஸ்மயீ கேட்க, இல்லை என்று பதில் வந்தது. பின்னே எப்படித் தெரிந்தது? "வல்லமையோடும் ஞானத்தோடும் தீர்ப்புச் சொன்னான், வெட்டச் சொன்னான். மன்னித்து இரக்கம் காட்டியிருந்தால் வெட்டச் சொல்லியிருக்க மாட்டானே."